கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும்

சங்கங்களின் ஆண்டு மகாசபைக் கூட்டங்கள் இப்பொழுது முன்னைப்போல் நடைபெறுவதில்லை. செயலாளர் எழுந்து நின்று நீண்ட அறிக்கையை ஒரே மூச்சில் படித்து முடிப்பதும், சபையோர் கைதட்டி அதை நிறைவேற்றிக் கொடுப்பதுமான வழக்கம் மெல்ல மெல்ல மாறி வருகின்றது. மேடையின் ஓரத்தில் வெண்திரை தொங்குகின்றது. மடிக்கணினியும் ப்ரொஜெக்டரும் வந்துவிட்டன. வரவு செலவு, இருப்பு, கடன், இலாபம் யாவும் ஸ்லைடு எனப்படும் திரைப்பக்கங்களாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. இம்மாறுதலை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆயினும், திரை வந்த அளவிற்குத் தெளிவும் வந்திருக்கின்றதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கின்றது.

ஸ்லைடுகள் எப்படி அமைய வேண்டும் என்பது கணினி இயக்குபவரின் கவலை, அங்கத்தினருக்கு அதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நமது அபிப்பிராயம் வேறு. ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் உயிர்நாடி. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளரும் கூடிச் சங்கம் அமைத்த காலந்தொட்டு அதுவே நமது நெறியாக இருந்து வருகின்றது. பணம் படைத்தவருக்கும் ஒரு வாக்கு, ஒற்றைத் தறி வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு. ஆனால், கண்ணுக்குத் தெரியாத கணக்கின்மீது கொடுக்கப்படும் வாக்கு எப்படி வாக்காகும்? ஆகையால், திரையில் தோன்றும் எழுத்தின் பருமனும் நிறமும் அங்கத்தினரின் உரிமையோடு தொடர்புடையவை.

நாம் கண்ட ஒரு கூட்டம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நெசவாளர் சங்கத்தின் மகாசபைக்குச் சென்றிருந்தோம். நாற்பதுக்கு மேற்பட்ட ஸ்லைடுகள் தயாராக இருந்தன. முதற்பக்கத்தில் பூங்கொத்து, மூலைக்கு மூலை சுழலும் நட்சத்திரங்கள். அடுத்த பக்கத்திலிருந்து பதினான்கு பத்திகள் கொண்ட அட்டவணைகள் தொடர்ந்தன. கணக்குப் புத்தகத்தின் பக்கங்களை அப்படியே பெயர்த்துத் திரையில் ஒட்டினாற்போல் இருந்தது. எழுத்துகள் வெளிர் மஞ்சள், பின்புலம் வெள்ளை. முற்பகல் வெளிச்சம் மண்டபத்தின் சன்னல்கள் வழியே நிறைந்திருந்தது.

கடைசி வரிசையிலிருந்து மூதாட்டி ஒருவர் எழுந்து, "தம்பி, இங்கேயிருந்து பார்த்தால் வெள்ளை வேட்டியை உலர்த்தின மாதிரிதான் இருக்கிறது. அதிலே என்ன எழுதியிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்" என்றார். சபை சிரித்தது. "எல்லாம் அச்சிட்ட அறிக்கையில் இருக்கிறது, அம்மா" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் அடுத்த ஸ்லைடுக்குச் சென்றார்.

அந்த ஸ்லைடின் பதினோராவது வரியில் ஒரு செய்தி இருந்தது. விற்பனையாகாமல் கிடங்கில் தேங்கிய துணியின் மதிப்பு, அவ்வாண்டு உற்பத்தியில் பாதிக்கு மேல் உயர்ந்திருந்தது. அந்த வரியைப் பற்றி எவரும் வினவவில்லை. தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. சில மாதங்களுக்குப் பின்னர், பணமெல்லாம் துணியாக முடங்கிக் கிடந்தமையால் கூலிப் பட்டுவாடா வாரக்கணக்கில் தாமதப்பட்டது. "எங்களிடம் யாரும் சொல்லவில்லையே" என்றார்கள் அங்கத்தினர்கள். "திரையில் காட்டினோமே" என்றது நிர்வாகம். இரண்டும் உண்மையே. காட்டியதும் உண்மை; எவருக்கும் தெரியாமற்போனதும் உண்மை. அன்று மேடையில் அமர்ந்திருந்த நாம் அந்த வரியை அறிந்திருந்தும், எழுந்து நின்று உரக்கப் படிக்கவில்லை. அந்தக் குறை நம்மையும் சாரும்.

சிறிய எழுத்தில் பெரிய செய்தி

இப்பிழை நம் ஊர்ச் சங்கங்களுக்கு மட்டும் உரியதன்று. உலகின் மிகப் பெரிய விஞ்ஞான நிறுவனங்களிலும் இது நிகழ்ந்துள்ளது. 2003-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது, எரிபொருள் தொட்டியின்மேல் இருந்த நுரைப் பொருளின் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. ஓடம் வானில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் ஆராய்ந்து, தங்கள் முடிவுகளை ஸ்லைடுகளாக மேலாளர்களுக்குக் காட்டினார்கள். ஒரு ஸ்லைடின் பெரிய தலைப்பு, சோதனைகள் முன்ஜாக்கிரதையுடன் கணிக்கப்பட்டவை என்ற பொருள்பட ஆறுதல் கூறிற்று. அதே ஸ்லைடின் அடியில், மிகச் சிறிய எழுத்தில், முன்பு சோதிக்கப்பட்ட துண்டு 3 கன அங்குலம், இப்பொழுது மோதியதோ 1920 கன அங்குலம் என்ற விவரம் இருந்தது. அறுநூற்று நாற்பது மடங்கு!

பிப்ரவரி 1-ஆம் நாள் ஓடம் திரும்பி வரும் வழியில் சிதைந்தது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் மாண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, அந்த ஸ்லைடையே எடுத்துக்காட்டிக் கண்டித்தது. விபத்திற்கு அந்த ஒரு ஸ்லைடே காரணமென்று சொல்வது தவறு, காரணங்கள் பல. ஆனால், தலைப்பில் வந்திருக்க வேண்டிய செய்தி அடியில் ஒடுங்கியிருந்தது என்பதில் ஐயமில்லை. நமது சங்கத்தின் பதினோராவது வரி நினைவுக்கு வருகின்றதன்றோ?

துணிவான அமைப்பு என்பது யாது?

திரைப்பக்கம் துணிவாக அமைய வேண்டும் என்று நாம் சொல்லும்போது, பளிச்சிடும் நிறங்களையும், பறந்து வரும் எழுத்துகளையும் பலர் நினைத்துக் கொள்கின்றனர். துணிவு அதுவன்று. ஸ்லைடு தயாரிக்க இன்று உலகெங்கும் பயன்படும் பவர்பாயின்ட் 1987-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தபோது, கறுப்பும் வெள்ளையுமாகவே இருந்தது. நிறம் பின்னரே வந்தது. ஆகவே, நிறம் இல்லாமலும் துணிவு இயலும். நிறம் நிறைந்தும் கோழைத்தனம் இயலும்.

துணிவான பக்கத்திற்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. ஒரு பக்கத்தில் ஒரே செய்தி. அச்செய்தி பக்கத்திலேயே மிகப் பெரிய எழுத்தில். எழுத்திற்கும் பின்புலத்திற்கும் இடையே கண்ணுக்கு எட்டிய மாறுபாடு. இவ்வளவே.

நெசவாளர்க்கு இதனைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எண்ணிப் பாருங்கள். மாம்பழ நிறத்து உடலுக்கு அரக்குக் கரை. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரு நாடா என மூன்று நாடாக்களை ஓட்டி, துணைக்கு ஓர் ஆளையும் வைத்துக்கொண்டு இவ்வளவு சிரமப்படுவது எதற்காக? கடையின் வாயிலில் நிற்பவரின் கண்ணுக்கு அந்தக் கரை எட்ட வேண்டும் என்பதற்காக. அருகில் வந்து கையில் எடுத்தபின்னர்தான் இழையின் நயமும் புட்டாவின் நுணுக்கமும் தெரிகின்றன. மகாசபையிலும் அப்படியே. திரை, கரையைப் போன்றது. தொலைவிலிருந்து ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அச்சிட்ட அறிக்கை, உடலைப் போன்றது. கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்பதற்குரியது. அறிக்கை செய்ய வேண்டிய வேலையைத் திரைமேல் சுமத்துவதே இன்றைய குழப்பத்திற்கெல்லாம் மூலம்.

எழுத்தும் நிறமும்

இனி நடைமுறைக்கு வருவோம். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஒரு கணக்குச் சொல்கின்றோம். 14 அங்குல மடிக்கணினியின் திரை ஏறத்தாழ 1 அடி அகலமுடையது. மண்டபத்துத் திரை 6 அடி அகலம் என்று கொள்வோம். கடைசி வரிசை 48 அடி தொலைவில் இருந்தால், மடிக்கணினியை மேசைமேல் வைத்துவிட்டு 8 அடி தள்ளி நின்று பார்த்தால் போதும். கடைசி வரிசையில் இருப்பவர் காண்பதையே நாமும் காண்போம். அங்கிருந்து படிக்க முடியாத எழுத்து, சபைக்குச் செல்லத் தகுதியற்றது. இச்சோதனையைக் கணினி இயக்கும் இளைஞர் செய்தல் போதாது. அறுபது வயது கடந்த அங்கத்தினர் ஒருவரை அழைத்து நிற்க வைத்துப் பார்த்தல் நலம்.

தமிழ் எழுத்திற்கு மேலும் இரண்டு கவனங்கள் தேவை. அளவுக்கு மீறித் தடிப்பான எழுத்துருவில் ண, ன முதலியவற்றின் சுழிகள் அடைபட்டுப் போகின்றன. மெலிந்த எழுத்துருவிலோ மெய்யெழுத்தின் புள்ளி மறைந்து விடுகின்றது. பெரிதாகவும் நடுத்தரத் தடிப்பாகவும் அமைப்பதே நன்று. மற்றொன்று, பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஸ்லைடை வேறொரு கணினியில் திறந்தால் எழுத்துகள் உருக்குலைந்து நிற்கின்றன. தமிழக அரசு 2010-ஆம் ஆண்டிலேயே யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டுள்ளது. அம்முறையிலேயே தட்டச்சு செய்து, பி.டி.எப். படியொன்றும் எடுத்துச் செல்வது மேடையில் அவமானத்தைத் தவிர்க்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ப்ரொஜெக்டரால் ஒளியைத்தான் வீச முடியும். கறுப்பை வீசும் விளக்கு உலகத்தில் இல்லை. திரையில் நாம் கறுப்பு என்று காண்பது, ஒளி படாத இடமேயாகும். ஆகவே, இருட்டறையில் கருநீலப் பின்புலத்தில் வெள்ளெழுத்து எடுப்பாகத் தோன்றும். சன்னல்கள் திறந்த மண்டபத்திலோ அதே கருநீலம் சாம்பலாக வெளுத்து, எழுத்தோடு கலந்துவிடும். நமது கூட்டங்கள் பெரும்பாலும் பகலில் நடப்பவை. வெள்ளைப் பின்புலத்தில் கறுப்பு அல்லது கருநீல எழுத்தே அவற்றிற்கு உகந்தது. சிவப்பையும் பச்சையையும் மட்டும் கொண்டு நட்டம், இலாபம் என்று பிரித்துக் காட்டலாகாது. இவ்விரண்டும் வேறுபட்டுத் தெரியாத கண்ணுடைய ஆடவர் எச்சபையிலும் சிலர் இருப்பர். சந்தேகம் ஏற்படின், பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். அதிலும் செய்தி தெளிவாகத் தெரிந்தால் பக்கம் தேறியது.

எண்களும் படங்களும்

பைசா வரையில் எழுதப்பட்ட தொகை தணிக்கைக்கு இன்றியமையாதது, திரைக்கு வேண்டாதது. ரூ. 1,23,45,678.50 என்பதைத் திரையில் "1 கோடியே 23 லட்சம்" என்று எழுதினால் சபைக்குப் புரியும். அதனினும் மேலானது படம்.

எண்ணைப் படமாக்கும் வித்தை பழமையானது. 1786-ஆம் ஆண்டில் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தேசத்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோடுகளாலும் பட்டைகளாலும் வரைந்து காட்டினார். 1858-இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கிரிமியப் போரில் மாண்ட வீரர்களின் கணக்கை வண்ணப் படமாக்கினார். புண்ணால் மாண்டவர் சிவப்பு. தடுக்கக்கூடிய நோயால் மாண்டவர் நீலம். சிவப்பைவிட நீலம் பன்மடங்கு பரந்து கிடந்த அந்தப் படம், போர்க்களத்தைவிட மருத்துவமனையின் அசுத்தமே பெரிய எதிரி என்பதை ஒரே பார்வையில் உணர்த்திற்று. ஆட்சியாளர்க்குக் கசப்பான செய்தியை மிகப் பெரிதாகக் காட்டியதே அம்மையாரின் துணிவு.

நமக்கு மிகவும் பயன்படத்தக்கவர் வியன்னா நகரத்து ஆட்டோ நோய்ராத். எழுத்தறிவு குறைந்த தொழிலாளரும் தேசத்தின் பொருளாதாரத்தை அறிய வேண்டும் என்ற நோக்குடன் 1925-இல் அவர் ஒரு கண்காட்சிசாலையைத் தொடங்கினார். அவர் வகுத்த விதி எளியது: தொகை பெருகினால் படத்தைப் பெரிதாக்காதே, படங்களின் எண்ணிக்கையைப் பெருக்கு. ஒரு நூற்கண்டின் படத்தை இரு மடங்கு உயரமும் இரு மடங்கு அகலமும் ஆக்கினால், பரப்பு நான்கு மடங்காகிக் கண்ணை ஏமாற்றும். இரண்டு கண்டுகளாக வரைந்தால் ஏமாற்றம் இல்லை. நம் பயிர்க்கடன் சங்கங்கள் இதனைக் கைக்கொள்ளலாம். கடன் பெற்றவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் தவணை தவறியிருப்பதாகக் கொள்வோம். நூறு மனித உருவங்களை வரிசைக்குப் பத்தாக நிறுத்தி, பதினெட்டைக் கறுப்பாக்கிவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியும் நிலைமையைக் கண்டுகொள்வார்.

பெரிதாகக் காட்டிப் பொய் சொல்லுதல்

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பெரிய எழுத்திற்கும் பெரிய படத்திற்கும் வலிமை உண்டு. அவ்வலிமை பொய்க்கும் துணை போகும். சென்ற ஆண்டு விற்பனை 92 லட்சம், இவ்வாண்டு 96 லட்சம் என்று கொள்வோம். உயர்வு நூற்றுக்கு நான்கு ரூபாய்க்குச் சற்றே மேல். ஆனால், பட்டைகளைச் சுழியத்திலிருந்து தொடங்காமல் 90-இலிருந்து தொடங்கி வரைந்தால், முதற்பட்டை 2 பங்கு உயரமும் அடுத்தது 6 பங்கு உயரமுமாக நிற்கும். விற்பனை மும்மடங்கு ஆகிவிட்டதென்று கடைசி வரிசை நம்பும். எண் எதுவும் பொய்யில்லை. படம் முழுவதும் பொய். பட்டை வரைபடம் சுழியத்திலிருந்தே எழ வேண்டும் என்பதை விலக்கில்லாத விதியாகக் கொள்க.

இதனினும் நுட்பமான ஏமாற்று ஒன்று உண்டு. இலாபமும் தலைவரின் புகைப்படமும் திரை முழுவதும்; தேங்கிய துணியும் தவறிய தவணையும் மூலையில் சிற்றெழுத்தில். எதனைப் பெரிதாக்குவது என்பது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. அது நேர்மையைப் பற்றிய கேள்வி. நிர்வாகம் எதைச் சொல்லக் கூசுகின்றதோ, அதுவே பெரும்பாலும் சபை அறிய வேண்டிய முதற்செய்தி. அதைப் பெரிய எழுத்தில் இடுவதே மெய்யான துணிவு.

ஆட்சேபங்கள்

"இவையெல்லாம் வியாபாரக் கம்பெனிகளின் விளம்பர வேலை, எளிமையான கூட்டுறவுச் சங்கத்திற்கு எதற்கு?" என்று முதியவர் சிலர் கேட்கின்றனர். நாம் கோருவதே எளிமைதான். நாற்பது ஸ்லைடுகளை எட்டாகக் குறைப்பதற்கு ஒரு பைசாவும் செலவில்லை. "கெட்ட செய்தியைப் பெரிதாகக் காட்டினால் சபையில் கலகம் வருமே" என்று நிர்வாகக் குழுவினர் சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. கேள்வி கேட்கும் சபையை எதிர்கொள்வது எளிதன்று. ஆனால், சபையில் ஒரு மணி நேரம் எழும் கேள்விகளைவிட, கூலி கிடைக்காத வாரத்தில் அலுவலக வாயிலில் எழும் கேள்விகள் கடுமையானவை.

பின்னர் வேறொரு சங்கத்தில் இவ்வாறு செய்து பார்த்ததை நாம் நேரில் கண்டோம். முதல் ஸ்லைடில் பூங்கொத்து இல்லை. "கிடங்கில் தேங்கிய துணி: உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு" என்ற ஒரே வரி, கறுப்பு எழுத்தில். மண்டபம் ஒரு கணம் அமைதியாயிற்று. பின்னர் விவாதம் எழுந்தது, சூடாகவே எழுந்தது. எந்த ரகம் தேங்குகின்றது, ஏன் அதையே மீண்டும் நெய்யச் சொல்கின்றீர்கள் என்று தறிக்காரர்களே கேட்டார்கள். முடிவில் அந்த ரகத்தின் உற்பத்தியைக் குறைக்கவும், புதிய வடிவங்களை ஆராய மூவர் கொண்ட குழுவை அமைக்கவும் தீர்மானம் திருத்தப்பட்டது. அதுவரை அறிக்கையை ஏற்றுக்கொள்ள மட்டும் கூடிய சபை, அன்று நிர்வாகத்தில் பங்கு கொண்டது.

செய்ய வேண்டுவன

ஆகவே, சங்கங்கள் வரும் மகாசபையிலிருந்தே சில வழக்கங்களை மேற்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம். முழு விவரமும் அடங்கிய அச்சிட்ட அறிக்கை, கூட்டத்திற்கு ஒரு வாரம் முன்னதாக அங்கத்தினர் கையில் சேர வேண்டும். திரைப்பக்கங்கள் பத்துக்கு மேற்படலாகாது. தேங்கிய சரக்கு, தவணை தவறிய கடன், அங்கத்தினர்க்குச் சங்கம் தர வேண்டிய பாக்கி ஆகிய மூன்றும் இலாபத்திற்கு முன்னர் வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் உரக்கப் படித்து, கேள்வி உண்டா என்று கேட்டு நிறுத்திய பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். கண் மங்கியவர்க்கும் எழுத்தறியாதவர்க்கும் செவி உண்டு.

அங்கத்தினர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தெரியவில்லையென்றால் தெரியவில்லை என்று எழுந்து சொல்லுங்கள். அன்று அந்த மூதாட்டி சொன்னதைக் கேட்டுச் சபை சிரித்தது. சிரிப்பதற்குப் பதிலாகப் பத்துப் பேர் அவரோடு எழுந்து நின்றிருந்தால், பதினோராவது வரி அன்றே வாசிக்கப்பட்டிருக்கும். மேடையிலிருந்த நாமும் வாய் திறந்திருப்போம்.